எஃப்சிக்கு வந்த நீல மொபெட்

அரசாங்கம் என் வேலைக்கு வைத்த பெயர் மோட்டார் வாகன ஆய்வாளர். ஜனங்கள் வைத்த பெயர் பிரேக் இன்ஸ்பெக்டர். என் மனைவி வைத்த பெயரை இங்கே எழுத முடியாது. எத்தனையோ ஆயிரம் பேரை எட்டுப் போடச் சொல்லி லைசென்ஸ் கொடுத்திருக்கிறேன். இன்றைக்கு என்னை எட்டுப் போடச் சொன்னால் இந்தத் தொப்பையோடு முதல் வளைவிலேயே காலை ஊன்றிவிடுவேன். புதிதாகச் சர்வீஸில் சேர்ந்திருக்கும் பிள்ளைகள் இதைப் படித்துச் சிரித்துக்கொள்ளலாம். நான் செய்த தப்பை மட்டும் செய்யாமல் இருந்தால் போதும்.

1. லைஃப் டாக்ஸ்

செங்கல்பட்டுப் பக்கம் மாற்றலாகி வந்த முதல் மாதம். சதுரங்கப்பட்டினம் தாண்டி ஈசிஆர் ஓரம் ஜீப்பை நிறுத்தி டூவீலர் செக்கிங். அந்த ரோட்டில் அதிகம் மாட்டுவது பாண்டிச்சேரி நம்பர் வண்டிகள்தான். அங்கே வரி குறைவு என்று வாங்கி, இங்கே ஓட்டுவார்கள். நிறுத்தினால் "இன்னைக்குத்தான் சார் பாண்டில இருந்து வரேன்" என்பார்கள். வண்டியில் கேளம்பாக்கம் அபார்ட்மென்ட் ஸ்டிக்கர் வெயிலில் வெளுத்துப் போயிருக்கும்.

அவர்களுக்கு நடுவில் ஒரு கறுப்பு மொபெட் வந்தது. பின்னால் மீன் பெட்டி, முன்னால் தராசு. ஹெட்லைட் ஒயரில் தொங்கியது. நம்பர் பிளேட் முழுக்க மீன் செதில். ஓட்டி வந்த பெண்ணின் பெயர் கஸ்தூரி. சதுரங்கப்பட்டினத்தில் மீன் எடுத்துத் திருக்கழுக்குன்றம் தெருக்களில் விற்பவள்.

"ஐஸ் உருகுது சார். இன்னா வேணுமோ சீக்கிரம் கேளு."

மொபைலில் நம்பரைத் தட்டினேன். வண்டிக்குப் பதினைந்து வருடம் முடிந்து நான்கு மாதம் ஆகியிருந்தது.

"ஆர்சி முடிஞ்சிடுச்சும்மா. பசுமை வரி கட்டி, வண்டியக் கொண்டு வந்து, ஓடத் தகுதின்னு எஃப்சி வாங்கி, ரினீவல் பண்ணணும்."

"வாங்கறப்பவே லைஃப் டாக்ஸ் கட்டியாச்சு சார்."

"அது வேற, இது வேறம்மா."

"லைஃப் டாக்ஸ்னா லைஃபு முழுக்கத்தானே? எனக்கும் லைஃபு கீது, வண்டிக்கும் லைஃபு கீது. நடுவுல நீ இன்னாத்துக்கு சார்?"

நிறுத்தி வைத்திருந்த மற்ற வண்டிக்காரர்கள் சிரித்தார்கள். பதில் வராத ஆபீசர் என்ன செய்வான்? ரசீதுப் புத்தகத்தை எடுப்பான். செக் ரிப்போர்ட் எழுதினேன். சட்டப்படி வண்டியைப் பிடித்தே வைக்கலாம். மீனோடு பிடித்தால் யார்டு நாறும் என்று டிரைவரிடம் சொல்லிவிட்டு, பத்து நாள் டைம் கொடுத்தேன்.

"வரி கட்டி, இன்சூரன்ஸ், புகை சர்டிபிகேட் எல்லாம் எடுத்துக்கிட்டு வா. வரும்போது வண்டிய நீட்டாக் கொண்டாம்மா. பார்க்கவே சகிக்கல."

செதிலைக் கழுவு, லைட்டை மாட்டு என்பதுதான் நான் சொல்ல நினைத்தது. பைக்கில் உட்கார்ந்திருந்த ஒருத்தன் மூக்கைப் பிடித்துக்காட்டினான். மறுபடி சிரிப்பு. இந்தத் தடவை நானும் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

2. பட்டி

ஒன்பதாம் நாள் ஆபீஸ் மைதானத்தில் வரிசை. எல்லா வண்டிக்கும் பின்னால் ஒரு மொபெட் மட்டும் சாமி ஊர்வலத்துக்கு ரெடியானதுபோல் பளபளவென்று நின்றது. கடல் நீலம். சக்கரத்து ரிம் வெள்ளை. சைடில் இரண்டு வெள்ளைக் கோடு, படகுக்குப் போடுவார்களே அதே கோடு. பக்கத்தில் போனதும் பெயிண்ட் வாசனை. கஸ்தூரியைப் பார்த்த பிறகுதான் அது அந்த வண்டி என்றே தெரிந்தது.

வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றவர் அவள் புருஷன் ஏழுமலை. படகுக்குப் பெயிண்ட் அடிப்பவர். விரல் நகமெல்லாம் நீலம்.

"ஓட்டிக்கினு வந்தா தூசி ஒட்டும்னு ரோட்டு முனையிலேர்ந்து தள்ளிக்கினே வந்தேன் சார்" என்றார்.

பிரேக் பிடித்தது. லைட் எரிந்தது. பேப்பர் எல்லாம் சரி. என்ஜின் நம்பரும் ஒத்துப்போனது. பாக்கி சேஸிஸ் நம்பர். மொபெட்டுக்கு அது ஹேண்டில் பாருக்குக் கீழே, கழுத்து இரும்பில் குத்தியிருக்கும். மெல்லிய பேப்பரை அதன்மேல் வைத்துப் பென்சிலால் தேய்த்தால் எழுத்து மட்டும் வெள்ளையாகத் தெரியும். பென்சில் பிரிண்ட் என்போம். தேய்த்தேன். பேப்பர் முழுக்கக் கறுப்பு. இடம் மாற்றித் தேய்த்தேன். அதே கறுப்பு.

"இங்க ஒரு நம்பர் இருக்கணுமே?"

"நம்பரு பிளேட்ல கீதே சார்."

"அது இல்லய்யா. இரும்புல குத்தின நம்பர்."

ஏழுமலை வண்டியின் கழுத்தைத் தடவிப் பார்த்தார். முகம் மாறியது.

"உப்புக் காத்து அரிச்ச குழின்னு நெனச்சேன் சார். பட்டி வச்சி அடைச்சிட்டேன். உப்புத்தாள் போட்டு நைஸ் பண்ணி, மேல ரெண்டு கோட்டிங் குடுத்தேன்."

"எஃப்சிக்கு வர மொபெட்டுக்கு யாருய்யா பெயிண்ட் அடிக்கிறது?"

"சின்ன வயசுல லாரில கிளீனரா இருந்தேன் சார். எஃப்சின்னா பெயிண்ட் அடிக்காம எந்த லாரி போவுது?"

அது உண்மைதான். அதனால் எனக்குக் கோபம் இன்னும் அதிகமானது.

விஷயத்தை இரண்டு பேருக்கும் சொன்னேன். சேஸிஸ் நம்பர் தெரியாத வண்டிக்கு நான் ரினீவல் கொடுக்க முடியாது. நம்பரை அழித்த வண்டி என்றால் திருட்டு வண்டியா என்று கேள்வி வரும். போலீசுக்கு எழுத வேண்டும். வண்டி யார்டில் நிற்கும். எத்தனை மாதம் என்று எனக்கே தெரியாது. மைதானத்து மூலையில் அப்படி நின்ற இரண்டு பைக்குகளின் ஸ்போக்ஸ் வழியாகக் கோவைக்கொடி ஏறிப் பூத்திருந்தது. கஸ்தூரி அதைப் பார்த்தாள்.

"போச்சா? பஸ்ஸுல மீன் கூடைய ஏத்த மாட்டான்யா. நாளைக்கு எங்க போயி விக்கிறது? அறிவு கீதா உனுக்கு? சும்மா கிடந்த வண்டிக்கு மேக்கப் போட்டு வுட்டியே" என்று ஆரம்பித்தாள். நிறுத்தவில்லை. ஏழுமலை தலையைக் குனிந்து நின்றார். இதுதான் சமயம் என்று நானும் சேர்ந்துகொண்டேன்.

"கொஞ்சமாவது யோசனை வேணாமாய்யா? குழி எது, எழுத்து எதுன்னு தெரியாது?"

கஸ்தூரி சட்டென்று என் பக்கம் திரும்பினாள்.

"சார், அவரு என் புருஷன், நான் திட்டுவேன். நீ இன்னாத்துக்குத் திட்டுற? பார்க்க சகிக்கல, நீட்டாக் கொண்டான்னு ரோட்ல அத்தினி பேரு எதிர்க்க சொன்னது யாரு? வூட்ல வந்து அழுதேன். அதுக்குத்தான் ரெண்டு நாளா படகு வேலைக்குப் போவாம இத்தோட குந்திகினு இருந்தாரு."

பென்சிலைப் பையில் போட்டேன். எடுத்தேன். மறுபடி போட்டேன்.

3. மூணா எட்டா

"உப்புத்தாள் இரும்பு மேல பட்டுதா, பட்டி மேலயா?" என்று கேட்டேன். எல்லாம் அதில்தான் இருந்தது. இரும்பு தேய்ந்திருந்தால் எழுத்தும் போயிருக்கும்.

"பட்டி மேலதான் சார்." கொஞ்சம் யோசித்தார். "மொதல்ல துரு எடுக்க இரும்பு மேலயும் லேசா தேச்சேன்."

"எடுங்க. என் கண்ணு முன்னாடி எடுங்க."

பக்கத்து ஒர்க்ஷாப்பில் தின்னர் வாங்கி வந்தார். நான் ஸ்க்ரூ டிரைவரை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. "இரும்புக்கு இரும்பு பட்டா கீறும் சார்" என்று மைதானம் கூட்டும் துடைப்பத்திலிருந்து ஒரு ஈர்க்குச்சியை உருவிக்கொண்டார். பனியன் துணியில் தின்னரை நனைத்துக் கழுத்தில் வைத்து ஊறவிட்டு, குழந்தைக்குக் காது துடைப்பதுபோல் எடுத்தார். நான் மொபைல் டார்ச்சைப் பிடித்தேன். நின்று பிடித்தால் தொப்பை நிழல் விழுகிறது என்று மண்ணில் உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேன். யூனிபார்ம் போட்ட பிறகு ஒருத்தர் சொல்லி நான் தரையில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

ஆர்சி புக்கைக் கஸ்தூரியிடம் கொடுத்தேன். என் கண்ணை எனக்குத் தெரியும். புக் கையில் இருந்தால் அதில் இருக்கிற நம்பர்தான் இரும்பிலும் தெரியும்.

"நான் படிக்கிறேன். நீ புக்ல விரல் வச்சிப் பாரு. தப்பா இருந்தா தப்புன்னு சொல்லு. எனக்கு எடுத்துக் குடுக்காத."

எட்டாவது வரை படித்தவள். ஒவ்வொரு எழுத்துக்கும் "ஆங்" என்றாள். ஒவ்வொன்றாக எழுத்துகள் நீலத்துக்கு அடியிலிருந்து மேலே வந்தன. கடைசிக்கு முந்தின எண்ணில் நின்றுவிட்டது. உப்புத்தாள் பட்ட இடம் அதுதான்.

"எட்டு மாதிரி இருக்கு" என்றேன்.

கஸ்தூரி ஆங் சொல்லவில்லை. தப்பு என்றும் சொல்லவில்லை. புக்கை நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். ஏழுமலை ஈர்க்குச்சியைக் கீழே வைத்தார்.

"இன்னும் கொஞ்சம் தின்னர் வைங்க. அவசரமில்ல" என்றேன். வரிசை முடிந்து எல்லோரும் போயிருந்தார்கள். சாப்பாட்டு நேரமும் போயிருந்தது. இடப்பக்கத்தில் நூல் அளவு பட்டி ஒன்று கரைந்து வந்தது. புதுப் பேப்பரை வைத்துப் பென்சிலைச் சாய்த்து மெதுவாகத் தேய்த்தேன். வலப்பக்கம் இரண்டு வளைவு. இடப்பக்கம் திறந்திருந்தது.

"மூணு."

"மூணுதான் சார்!" என்று கத்திவிட்டுப் புருஷன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். "மூணுய்யா!" அவர் அப்படியே மண்ணில் உட்கார்ந்து, நீல விரல்களால் முகத்தைத் துடைத்தார்.

கடைசி எண்ணும் சரியாக இருந்தது. கையெழுத்துப் போடும்போது இன்னொன்று கண்ணில் பட்டது. ஆர்சியில் நிறம் கறுப்பு. நிறம் மாற்றினால் அதற்குத் தனியாக எழுதிக் கொடுத்துப் பதிய வேண்டும். இன்னொரு நாள் அலைச்சல்.

"மறுபடி கறுப்பு அடிச்சிடுங்களேன்" என்றேன்.

"இன்னைக்கே அடிச்சிடறேன் சார்" என்று எழுந்தார் ஏழுமலை.

"வேணாம்" என்றாள் கஸ்தூரி. "இன்னா எழுதணுமோ சொல்லு சார், எழுதித் தரேன். இன்னொரு நாளு வரேன். ஊர்ல கீற படகுக்கெல்லாம் அடிக்கிறாரு. எனுக்குன்னு அடிச்சது இது ஒண்ணுதான்."

ஏழுமலை தின்னர் பாட்டிலின் மூடியை ரொம்ப நேரம் திருகிக்கொண்டிருந்தார்.

விண்ணப்பத்தை நானே நிரப்பினேன். அடுத்த வாரம் வந்து பதிந்துகொண்டு போனார்கள்.

பிள்ளைகளே, நான் கற்றது இவ்வளவுதான். ஒருத்தரைத் திருப்பி அனுப்பும்போது எதை எதைச் சரிசெய்ய வேண்டும் என்று பெயர் சொல்லி அனுப்புங்கள். பிரேக், லைட், ஹாரன், இன்சூரன்ஸ், புகை சர்டிபிகேட். நம்பர் தெரிய வேண்டும். அத்தோடு நிறுத்துங்கள். வண்டி பார்க்க எப்படி இருக்கிறது என்று சொல்ல நமக்குச் சம்பளம் கிடையாது. யாராவது தயங்கித் தயங்கி, பெயிண்ட் அடிக்கலாமா சார் என்று கேட்டால், தாராளமாக அடியுங்கள், கழுத்தை மட்டும் விட்டுவிடுங்கள் என்கிறேன்.