சோலைமலை பார்த்த ரோதமுனி

ஊசிமலைத் தோட்டத்துச் சோலைமலையைப் பற்றி இலங்கை மலைநாட்டு லிந்துலை பஜாரில் யாரிடம் விசாரித்தாலும், ரோதமுனி வீட்டு ஆளா என்றுதான் திருப்பிக் கேட்பார்கள். அவருடைய பூட்டன் துறையூர்ப் பக்கத்திலிருந்து கடல் தாண்டி வந்தவர். அவர் பெயரும் சோலைமலைதான். தோட்டத்தில் தேயிலை ஸ்டோர் கட்டி, கொழுந்தை அரைக்கச் சக்கரம் சுழல்கிற முதல் ரோதையைப் பூட்டின அன்றைக்கு, அது போட்ட சத்தத்தில் சனம் கிட்டப் போகப் பயந்து நின்றதாம். அந்தப் பூட்டன்தான் ஸ்டோர்ச் சுவரில் ஒரு மாடம் இடித்து, ஒரு கல்லை நட்டு, மெஷினுக்குள் குடியிருக்கிற முனிக்கென்று சூடம் காட்டினார். பிறகுதான் சனம் கையை வைத்தது. பூட்டனுக்குப் பிறகு அவர் மகன் செல்லசாமி. செல்லசாமிக்கு ஆண்பிள்ளை இல்லாததால் மகள் வேலாயியைக் கட்டி வீட்டோடு வந்த மருமகன். அவருக்குப் பிறகு வேலாயியின் மூத்த பிள்ளை, நம்ம சோலைமலை. அந்த வீட்டுக் கை சூடம் காட்டாமல் எந்தப் புது மெஷினையும் ஊசிமலையில் ஓடவிட்டதில்லை.

வேலாயிக்கு இரண்டாவது பிள்ளை அழகன். அண்ணனும் தம்பியும் கொழுந்து அரைக்கிற ஒரே ரோலரில் நின்றவர்கள். தொண்ணூற்றோராம் வருசம் முனிக்குக் கெடா வெட்டிப் பெரிய பூசை போட்டார்கள். சோலைமலைதான் சூடம் காட்டினார். மறுநாள் காலையில் அவர் தேத்தண்ணி குடிக்க வெளியே போன நேரம், தம்பியின் சட்டைக் கையை பெல்ட்டு பிடித்து இழுத்துக்கொண்டது. ஆஸ்பத்திரி வாசலைக்கூட அவன் பார்க்கவில்லை.

காரியம் முடிந்த கையோடு சோலைமலை ஸ்டோருக்குப் போனார். மாடத்தின் முன்னால் நின்று, உள்ளே ஒருத்தனும் இல்லை, இது வெறும் கல்லு என்று சொல்லி, வாயை மூடினாற்போல் அதற்கு ஒரு பலகையை அடித்தார். ரோலர்ப் பக்கம் இனிப் போக மாட்டேன் என்று ஸ்டோரை நடத்துகிற டீமேக்கர் ஐயாவிடம் சொல்லி, ஸ்டோர் ஆபீசைக் கூட்டித் துடைத்துத் தேத்தண்ணி ஊற்றுகிற வேலைக்கு வந்துவிட்டார். அந்தப் பலகையை வேறு யாரும் தொடத் துணியவில்லை.

இப்படியே பன்னிரண்டு வருசம் போனது. இரண்டாயிரத்து மூன்றில் ஒரே மாதத்தில் ஸ்டோருக்கு இரண்டு மெஷின் வந்தன. ஒன்று கொழும்பிலிருந்து லொறியில் வந்த புது ரோலர். மற்றது ஆபீஸ் மேசைக்கு வந்த கம்பியூட்டர்.

புது ரோலரில் நிற்கப் போகிறவர் பழனியாண்டி. சோலைமலையின் மனைவி நாகலெட்சுமிக்குக் கூடப்பிறந்த அண்ணன். அழகன் விழுந்தபோது ஓடி வந்து தூக்கியவரும் அவர்தான். படங்கு போர்த்திக் கிடந்த ரோலரைப் பார்த்துவிட்டு அவர் நேரே ஆபீஸ் வாசலுக்கு வந்து, சூடம் காட்டாமல் நான் தொட மாட்டேன் என்றார். சோலைமலை முடியாது என்றார்.

“பன்னண்டு வருசமா முனியோட கோவிச்சிக்கிட்டுப் பேசாம இருக்க ஒரே ஆளு இந்த மலைநாட்டுல நீதான் மச்சான்,” என்றார் பழனியாண்டி. “பொண்டாட்டியோடகூட ஒருத்தன் இவ்வளவு நாள் இருக்க மாட்டான்.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சோலைமலைக்குச் சிரிப்பு வரவில்லை. இல்லாத ஒன்றுக்குச் சூடம் காட்டி, அதை நம்பவைத்து, மச்சானை அந்தப் பெல்ட்டுக்கு முன்னால் நிறுத்துவதா? காட்டாமல் போய், அந்தப் பயத்தோடேயே அவர் கை நடுங்க நிற்கட்டும் என்று விடுவதா? அண்ணனுக்கு நாலு பொம்பளைப் பிள்ளைகள் என்று நாகலெட்சுமி ஒருநாள் அடுப்பைப் பார்த்துச் சொன்னாள். திங்கட்கிழமை ரோலர் ஓடியே ஆக வேண்டும் என்று டீமேக்கர் ஐயா சொல்லிவிட்டார்.

அந்த வாரம்தான் சோலைமலை அதைப் பார்த்தார்.

கம்பியூட்டரில் வேலை செய்ய வந்தவள் ஜெயமலர். இந்தப் பக்கப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்த யாழ்ப்பாணத்து வாத்தியார் ஒருவரின் மகள். தகப்பனுக்கு மாற்றம் கிடைத்துக் குடும்பம் ஊருக்குப் போன பிறகும், வேலைக்காகத் தலவாக்கலையில் ஓர் அறை எடுத்துத் தனியாக இருந்தாள். காலையில் வந்து கதவைச் சாத்திக்கொண்டால் பொழுது போகும்வரை ஆள் ஆளாகப் பறித்த கொழுந்து நிறைக் கணக்கைத் தட்டிக்கொண்டிருப்பாள்.

சோலைமலை தேத்தண்ணியை வைக்கும்போது தற்செயலாகத் திரும்பினார். கம்பியூட்டர் கண்ணாடிக்குள் அவள் தட்டிய எழுத்துகளின் தலைமேல் ஒன்று நடந்து போனது. நாயுமில்லை, பூனையுமில்லை. மஞ்சள் நிறத்தில், கரடிக்குட்டி மாதிரி, தொப்பையும் குட்டைக் காலுமாக இருந்தது. ஓரத்துக்கு வந்து எட்டிப் பார்த்தது. காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தது. எங்கிருந்தோ ஒரு குடையை எடுத்து விரித்தது. வெளியே மழை பெய்துகொண்டிருந்ததும் உண்மைதான்.

சோலைமலைக்கு மயிர் கூச்செறிந்தது. அவளை ஒன்றும் கேட்காமல் வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். பூட்டன் கண்ணால் பார்த்ததில்லை, தாத்தா பார்த்ததில்லை, பெற்ற ஐயாவும் பார்த்ததில்லை. இவர் கண்ணுக்கு முனி தெரிந்துவிட்டது. சந்தோசம் வந்தது. அதன் பின்னாலேயே கோபமும் வந்தது. இத்தனை தெளிவாக இருக்கிறவன் அழகன் போன அன்றைக்கு எங்கே போயிருந்தான்?

பிறகு நாளெல்லாம் அதையே பார்த்தார். அது சுவர் ஏறுவது போல் ஓரத்தில் ஏறும், வழுக்கி விழும், எழுந்து பின்புறத்தைத் தட்டிக்கொள்ளும். ஜெயமலர் கையை எடுத்துவிட்டால் கொட்டாவி விட்டுச் சுருண்டு படுக்கும். ஒருநாள் கரண்டு போய்க் கண்ணாடி கறுத்தது. சோலைமலை வாளியும் கையுமாக அங்கேயே நின்றார். கரண்டு வந்து, அவள் மெஷினைப் போட்டதும், ஒரு பையை இழுத்துக்கொண்டு ஓரத்திலிருந்து அது நடந்து வந்தது.

“கரண்டு இல்லாத நேரம் எங்க மிஸ் போயிருந்திச்சு?” என்று கேட்டார்.

ஜெயமலர் திரையைப் பார்த்தாள். அவளுக்கும் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை அவள் வருமுன் சோலைமலை மெஷினின் நெற்றியில் சந்தனப் பொட்டு வைத்தார். எழுத்துக் கட்டைகளின் மேலேயே ஒரு வெற்றிலையைப் போட்டு, பொரிகடலையும் சர்க்கரையும் குவித்தார். கும்பிடவில்லை. சாப்பிடுகிறதா பார்ப்போம் என்று மட்டும் நினைத்தார். ஜெயமலர் வந்து பார்த்தபோது சுவரிலிருந்து எறும்புப் பத்தி இறங்கி, ஒவ்வொரு எழுத்துக்கடியிலும் நுழைந்துகொண்டிருந்தது.

“ஐயா, இதுக்கு வாயுமில்லை, வயிறுமில்லை,” என்றாள், கட்டைகளைக் கவிழ்த்துத் தட்டியபடி. “எறும்புதான் திண்டிட்டுப் போகுது. ஆருக்கு ஐயா படைச்சனீங்கள்?”

சோலைமலை எல்லாவற்றையும் சொன்னார். பூட்டனை, கல்லை, அழகனை, பலகையை, மச்சானை. அவள் தட்டுவதை நிறுத்திவிட்டாள். பொய் சொல்லி அனுப்பிவிடலாமா என்று அவளும் ஒரு கணம் யோசித்திருக்க வேண்டும். ஆனால் அவரை உட்காரச் சொல்லி உள்ளதைச் சொன்னாள். இது முனியில்லை. எந்த நாட்டிலோ ஒரு மனுசன் கம்பியூட்டருக்கென்று எழுதி வைத்த பொம்மை. கூடப் படித்த சிநேகிதி கொழும்பிலிருந்து பிளாப்பியில் போட்டுக் கொடுத்தாள். எழுதினவர் யாரென்று யாருக்கும் தெரியாது, ஒரு சதம் வாங்கவும் இல்லை.

சோலைமலை அந்தக் குட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மனசு உடைந்துவிட்டதோ என்று அவள் பயந்தாள். அவரோ வேறெங்கோ போயிருந்தார்.

“அந்தாளுக்கு மிஸ்ஸைத் தெரியுமா?”

“தெரியாது.”

“லிந்துலையத் தெரியுமா?”

“இப்பிடி ஒரு ஊர் இருக்கெண்டே தெரியாது ஐயா.”

“பெறகு எதுக்கு அனுப்புனாரு?”

ஜெயமலர் அந்தக் குட்டியைப் பார்த்தபடி சொன்னாள். “மெஷினுக்கு முன்னால ஆரோ தனிய இருப்பினம் எண்டு நினைச்சிருப்பார்.”

“மெஷினக் காவல் காக்குமா இது?”

“இல்லை. ஒண்டும் செய்யாது. சும்மா கூட இருக்கும். எனக்கு அது போதும்.”

முனி என்று நினைத்துப் பார்த்தபோது வந்ததைவிடப் பெரிய மலைப்பு சோலைமலைக்கு அப்போதுதான் வந்தது. முகம் தெரியாத ஒருத்தர், முகம் தெரியாத ஒரு பிள்ளை தனியாக இருக்கக் கூடாதென்று, ஒரு துணையைச் செய்து கடல் தாண்டி அனுப்பியிருக்கிறார். பூட்டனும் அந்தக் கல்லை நட்டபோது பெல்ட்டைப் பிடிக்கச் சொல்லி நட்டிருக்க மாட்டார். பயந்து நின்ற சனத்துக்குப் பக்கத்தில் ஓர் ஆளை நிறுத்தியிருக்கிறார். தூங்கிவிட்ட காவல்காரன் என்று பன்னிரண்டு வருசமாகத் தான் திட்டிய அந்த ஆள், அழகனின் கடைசி நிமிசத்தில் அவனோடு நின்றிருக்கலாமே? அண்ணன் இல்லாத அந்தக் கொஞ்ச நேரத்தில்? இந்த நினைப்பில் அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. ஜெயமலர் பார்க்காததுபோல் எறும்பைத் தட்டினாள்.

திங்கட்கிழமை காலை சோலைமலை ஆணிபிடுங்கியோடு ஸ்டோருக்குள் போனார். பலகை அடித்த நாளுக்குப் பிறகு அன்றைக்குத்தான் ரோலர் நிற்கிற பக்கத்துப் படியை மிதித்தார். பலகையைப் பெயர்த்து, கல்லைக் கழுவி, சூடத்தை எடுத்தவர், கொளுத்துமுன் பழனியாண்டியைக் கூப்பிட்டார்.

“மச்சான், உங்கிட்ட மறைக்க மாட்டேன். இது பெல்ட்டப் பிடிக்காது. சட்டைக் கைய நீதான் மடிச்சிக்கணும். இது கூட நிக்கும், அவ்வளவுதான்.”

“அத யாருடா இல்லன்னு சொன்னது? கூட நிக்கத்தான நான் கேட்டேன்,” என்றார் பழனியாண்டி.

சூடம் எரிந்தது. புது ரோலரின் கீழே எலுமிச்சம்பழம் நசுங்கியது. பழனியாண்டி சட்டைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டிவிட்டு பட்டனை அழுத்தினார். சத்தம் எழும்பியதும் மற்றவர்கள் தங்கள் தங்கள் இடத்துக்குப் போனார்கள். ஆபீசில் தேத்தண்ணிக்கு நேரமாகியிருந்தது. சோலைமலை போகவில்லை. மச்சானின் இடது பக்கமாக, கை எட்டுகிற தூரத்தில், முதல் கொழுந்து அரைபட்டு இறங்கும்வரை நின்றார்.