துருவேறிய பெயர்

புதுச்சத்திரத்தில் லாரிகளின் ஸ்பிரிங் பட்டை மாற்றும் பட்டறை வைத்திருக்கிறார் சின்னராஜ். முறிந்துபோன பட்டைகளை அறுத்து, காய்ச்சி அடித்துக் கத்தி செய்வது அவருக்கு ஒரு பித்து. எவர்சில்வர் கத்தியைவிடக் கூர் நிற்கும். ஆனால் ஈரம் ஆகாது, துருப்பிடித்துவிடும். கேட்பவர்களுக்கு அலகில் பெயரும் போட்டுத் தருவார். அலகு முழுக்க நகப்பூச்சு தடவி, ஊசியால் எழுத்தைக் கீறி, மேலே ஆசிட் விடுவார். கீறிய இடத்தை மட்டும் ஆசிட் தின்னும்.

வெண்ணந்தூர் கவினுக்குப் பெங்களூரில் ஓட்டல் சமையல் வேலை கிடைத்தபோது, சொந்தக் கத்தியோடு போக ஆசைப்பட்டு இங்கே வந்தான்.

"எம்பேர நானே எழுதறனுங்கண்ணா" என்று ஊசியை வாங்கிக் கோணல்மாணலாகக் கீறினான்.

ஆசிட்டைத் தண்ணீர் விட்டு அலசினார் சின்னராஜ். அடுத்துச் சோடா உப்புத் தண்ணீரில் ஊறப்போட வேண்டும். இல்லாவிட்டால் எழுத்துக்குள் தங்கிய ஆசிட் உள்ளேயே அரித்துக்கொண்டிருக்கும்.

"பொறு கண்ணு, ஊறட்டும்."

"பஸ்ஸு போயிருமுங்கண்ணா. ரூமுக்குப் போயி ஊற வெச்சுக்கறனுங்க."

எண்ணெய் தடவக்கூட விடாமல் பையில் செருகிக்கொண்டு ஓடினான்.

இந்த ஆடியில் ஒரு மத்தியானம் அவன் அம்மா செல்லாயி பட்டறைக்கு வந்தார். பழைய சேலைத் துணியைப் பிரித்துக் கத்தியை நீட்டினார். பெயர் இருந்த இடம் முழுக்கத் துரு.

"பையன் பைக்குல போறப்ப லாரி அடிச்சுப் போயிட்டானுங்க. ரூமுல கெடந்த சாமானோட இதையும் குடுத்துட்டாங்க. இது அவன் கையெழுத்துங்களா?"

சின்னராஜ் துருவை விரலால் தடவிப் பார்த்தார். "ஆமாங்க்கா. அவனே எழுதுனதுதான்."

உப்புத்தாளை அழுத்தித் தேய்த்தால் துரு போய்விடும், எழுத்தும் போய்விடும். எண்ணெயில் நனைத்த பஞ்சால் மெல்ல மெல்லத் துடைத்தார். 'க' வந்தது. 'வி' பாதி மங்கி வந்தது. 'ன்' இருந்த இடத்தில் வெறும் குழிகள்தாம்.

"அந்த எழுத்து போச்சுங்க்கா. வேணும்னா நான் புதுசா..."

"வேண்டாமுங்க. அது உங்க எழுத்தாயிரும்."

சின்னராஜ் வற்புறுத்தவில்லை. அன்றைக்குச் செய்யாமல் விட்டதைச் செய்தார். சோடா உப்புத் தண்ணீரில் ஊறவைத்துக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, வெயிலில் சூடேற்றித் தேங்காய் எண்ணெய் பூசினார். அவனைக் கொஞ்சம் அதட்டி உட்காரவைத்திருக்கலாம் என்ற எண்ணம் கையோடு கூடவே ஓடியது.

"தக்காளி அரிஞ்சா அப்பவே கழுவித் தொடச்சு, துளி எண்ணெ தடவி வெச்சிருங்க."

"எழுத்து நிக்குங்களா?"

"ஈரம் படாமப் பாத்துக்கிட்டா ரொம்ப நாளைக்கு நிக்குமுங்க."

"என்ற காலம் வரைக்கும் நின்னாப் போதுஞ் சாமி."

செல்லாயி கத்தியைச் சுற்றிப் பையில் வைத்து எழுந்தார். சின்னராஜ் பட்டறையைத் திறந்தபடியே விட்டுவிட்டு, பஸ் வரும்வரை அவரோடு ரோட்டோரம் நின்றார்.