சாயாத பிளேடும் காம்பவுண்டு அட்டையும்

இன்று சங்ககிரியில் ஒரு கடைக்கு, மரம் அறுக்கும் மைட்டர் சா மெஷின் பார்க்கப் போனேன். கட்டை வைக்கும் மேசை, மேலிருந்து இறங்கும் பிளேடு, "காம்பவுண்டு" என்று எழுதிய அட்டை.

கடைக்காரர் சொன்னார்: "ஊட்டுக்காரரக் கூட்டிட்டு வாங்கம்மா. இதுல ஆங்கிளெல்லாம் இருக்குதுங்க, உங்களுக்குப் புரியாது."

எண்பதுகளில் அப்பாவின் லாரி பாடி பட்டறையில் கேபினின் மரத்தூண் அறுத்தவள் நான். அந்தத் தூண் பின்பக்கமும் சாயும், உள்பக்கமும் சாயும். இரண்டு சாய்வையும் கைரம்பத்தால் ஒரே அறுப்பில் கொண்டுவர வேண்டும். பிசகினால் கண்ணாடி உட்காராது.

"தம்பி, மேசையைத் திருப்பி அறுத்தா மைட்டர். பிளேடைச் சாய்ச்சு அறுத்தா பெவல். ரெண்டும் சேந்தாத்தானுங்க காம்பவுண்டு. இதுல பிளேடு சாயுதான்னு பாருங்க."

பிளேடைப் பக்கவாட்டில் அழுத்திப் பார்த்தார். சாயவில்லை. அட்டையைக் கழற்றினார்.

அதற்குள் வண்டியை நிறுத்திவிட்டு என் வீட்டுக்காரர் உள்ளே வந்தார். கடைக்காரருக்கு உயிர் வந்தது. "வாங்கய்யா, எந்த மெஷினுங்க வேணும்?"

"அவளைக் கேளுங்க. நான் டெய்லருங்க, துணி வெட்டத்தான் தெரியும்."

வேறு நல்ல கடை இருந்தால் சொல்லுங்கள். அங்கேயும் வீட்டுக்காரரைக் கேட்டால் தாராளமாகக் கூட்டிப் போகிறேன். சட்டைக்கு அளவெடுப்பார்.