வரலக்ஷ்மி ஸ்கூட்டர் பழகினாள்

கணவர் இறந்த மறுவருஷம் வரலக்ஷ்மி தென்திருப்பேரை வீட்டைப் பூட்டிக்கொண்டு தூத்துக்குடிக்கு மகனோடு இருக்க வந்தாள். ஐம்பதைத் தாண்டியிருந்தாள். மகன் நரேனுக்குக் கப்பல் சரக்குக் கம்பெனியில் வேலை. ஊருக்கு வெளியே புதிய அடுக்ககம், ஆறாவது மாடி. பால்கனியில் நின்றால் துறைமுகத்துக் கிரேன்கள் தெரியும். ஆனால் கறிவேப்பிலை வாங்கவும் நரேன் கார் எடுத்தாக வேண்டும். நினைத்த நேரம் கோயிலுக்கும் கடைக்கும் நடந்து பழகியவளுக்கு, ஒவ்வொன்றுக்கும் மகன் முகத்தைப் பார்த்து நிற்பது சீ என்று இருந்தது.

ஒரு சனிக்கிழமை யாரிடமும் சொல்லாமல் டவுன் பஸ் ஏறிப் பனிமய மாதா கோயில் பக்கம் இறங்கினாள். கடலை ஒட்டிய பழைய தெருக்கள். முத்துக்குளித்த காலத்து வீடுகளின் உயரமான கதவுகள், காரை உதிர்ந்த சுவர்கள், ஒரு சந்தில் சங்கு அறுக்கும் சத்தம். வாசலுக்கு வாசல் யாராவது நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். “யாரத் தேடுதீங்க?” என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். யாரையுமில்லை என்று சொல்ல அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

திரும்பும்போது பஸ் வரவில்லை. வெயிலில் நின்றவள் பக்கத்தில் ஒரு ஸ்கூட்டர் நின்றது.

“எங்கன போகணும்க்கா?”

ஓட்டல்களுக்கு மீன் போடும் பிலோமினா அவள். காலி மீன்பெட்டி முன்னால் இருந்தது. “வாடை அடிக்கும், பரவால்லையா?”

வரலக்ஷ்மி கொஞ்சம் தயங்கினாள். பிறகு புடவையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு ஏறினாள். பீச் ரோட்டில் காற்று முகத்தில் அறைந்தது. வாடையை அவள் மறந்தே போனாள். வீட்டு வாசலில் இறங்கியதும் கேட்டாள்:

“நேக்கு இதை ஓட்டக் கத்துத் தருவியா?”

“சைக்கிள் ஓட்டுவீங்களா?”

“தெரியாது.”

“அப்போ விழுவீங்க.”

“விழறேன்.”

மீன் போட்டு முடித்த காலைகளில் பிலோமினா அவளை உப்பளத்து ரோட்டுக்குக் கூட்டிப் போனாள். ஒருநாள் பிரேக்கைப் பிடிக்க வேண்டிய இடத்தில் ஆக்ஸிலரேட்டரைத் திருகிவிட்டு, வரப்பில் ஏறி விழுந்தாள் வரலக்ஷ்மி. தோல் உரிந்த முழங்கை உப்புச் சேற்றில் பட்டு எரிந்தது. பிலோமினா மாதா கோயில் பக்கத்துப் பழைய தெருவில் இருந்த தன் வீட்டுக்குக் கூட்டிப்போய், “குசினிக்கு வாங்க, கழுவிவிடுதேன்” என்றாள்.

“குசினின்னா?”

“அடுப்படிதான்க்கா. எங்க ஆளுக அப்படித்தான் சொல்லுவோம்.”

“நாங்க தளிகை உள்னு சொல்லுவோம்.”

வெளியில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காத வரலக்ஷ்மி அன்றைக்கு அங்கே உட்கார்ந்து கடுங்காப்பி குடித்தாள்.

முழங்கைக் கட்டைப் பார்த்த நரேனுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. “இந்த வயசுல எதுக்கும்மா? எங்க போகணும்னாலும் நான் கொண்டு விடமாட்டேனா?”

“விடுவே. ஆனா எப்போ போகணும்னு நீதானே முடிவு பண்றே?”

அவன் ஞாயிற்றுக்கிழமை உப்பளத்து ரோட்டில் காரை ஓரம்கட்டிவிட்டு, அம்மா எட்டுப் போடுவதை நின்று பார்த்தான். லைசென்ஸ் தேர்வில் முதல் தடவை கால் ஊன்றித் தோற்றாள். அடுத்த தடவை தேறினாள். அந்த மாதமே நரேன் ஒரு பழைய ஸ்கூட்டர் பார்த்து வாங்கிக் கொடுத்தான்.

இப்போது அந்தப் பழைய தெருக்களில் அவளை யாரும் யாரைத் தேடுகிறீர்கள் என்று கேட்பதில்லை. “பிலோமினா குளிக்கா, உக்காருங்க” என்று நாற்காலி போடுகிறார்கள்.

போன தை மாதம் பிலோமினாவைப் பின்னால் உட்காரவைத்துத் தென்திருப்பேரைக்கே ஓட்டிப் போனாள். ஆத்தூரில் நிறுத்தி வெற்றிலை வாங்கினார்கள். ஊரில் பூட்டிய வீட்டைத் திறந்து, ஆளுக்கொரு துடைப்பத்தை எடுத்துக் கூட்டிப் பெருக்கினார்கள். ஜன்னல்களையெல்லாம் திறந்துவைத்துக் கூடத்தில் உட்கார்ந்தபோது பிலோமினா சொன்னாள்:

“வேம்பார்ல எங்க அக்கா இருக்கா. ஒருநா போவோமா?”

“ரோடு எப்படி?” என்று கேட்டாள் வரலக்ஷ்மி.