டாக்டர் கோட்டில் ஒரு பாரிஸ்காரர்

மாறுவேடப் போட்டிச் சுற்றறிக்கை, விதி ஆறு: விண்ணப்பத்தில் குறிப்பிட்ட வேடத்தை விட்டு வேறொன்றில் மேடையேறும் மாணவர் தகுதி இழப்பார். பதினைந்து வருடம் விமானப்படை அலுவலகத்தில் கோப்பு பார்த்து ஓய்வு பெற்ற எனக்கு அந்த விதியில் இன்றும் ஓட்டை எதுவும் தென்படவில்லை. துபாயில் ஐந்தாம் வகுப்பு படித்தபோது அதை மீறினேன். மீறியதற்குப் பரிசும் கொடுத்தார்கள்.

வேடத்தைத் தேர்ந்தெடுத்தவர் சித்தப்பா. கராமாவில் எங்கள் ஃபிளாட்டுக்கு இரண்டு தெரு தள்ளி, அரபிப் பெண்களுக்குக் கல்யாண கவுன் தைக்கும் கடையில் கட்டிங் மாஸ்டர். அவர் மதித்த ஒரே மனிதர், பாரிஸில் கவுன் வடிவமைத்து வாழ்ந்து மறைந்த ஒருவர். அந்தப் பெயரைச் சித்தப்பா ஒரு மாதிரியும் நான் வேறு மாதிரியும் உச்சரித்தோம். பிரெஞ்சுக்காரர் கேட்டால் இரண்டையும் நிராகரிப்பார் என்பதால் இங்கே எழுதவில்லை.

"எல்லாப் பயலும் காந்தி, நேருன்னு வருவான். நீ இவரா போ," என்றார் சித்தப்பா.

"அதுக்கு டாக்டர் வேசம் போடலாம்," என்றார் அப்பா. நான் டாக்டராவது என்று நான் பிறந்த வாரமே அவர் முடிவெடுத்திருந்தார்.

பாரிஸ்காரர் வேலை நேரத்தில் வெள்ளைக் கோட்டு போடுவாராம். பத்திரிகைப் படத்தைப் பார்த்துச் சித்தப்பா எனக்கு ஒன்று தைத்தார். மணிக்கட்டில் ஊசி குத்தும் மெத்தை, கழுத்தில் டேப். பேச்சை அவர் சொல்ல, நான் இங்கிலீஷில் மாற்றினேன்: மாடியறையில் மூன்று தையற்காரிகளோடு தொழில் தொடங்கியது, ராணிகள் காத்திருந்தது, உள்பக்கத் தையல் சரியில்லை என்று ஒரே கவுனை நாலு தடவை பிரிக்கச் சொன்னது.

"செத்து எத்தனையோ வருசமாச்சு. இன்னைக்கும் அவரு இடுப்பு வெட்டைத்தான் நான் வெட்டுறேன். அதையும் எழுதிக்க," என்றார். அதுவே பேச்சின் கடைசி வரி.

போட்டியன்று சித்தப்பா அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்து மூன்றாம் வரிசையில் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

மேடைக்குப் பின்னால் ஏழு காந்திகள், நாலு நேருக்கள். ஒரு நேரு என் டேப்பை இழுத்து, "டெய்லரா? என் பேன்ட்டை ஆல்டர் பண்ணித் தர்றியா?" என்றான். காந்திகள் எல்லாரும் சிரித்தார்கள். டேப்பையும் மெத்தையையும் கழற்றிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன்.

மேடையில் நடுவர் அம்மையார் கையிலிருந்த பட்டியலைப் பார்க்காமல் என் கோட்டைப் பார்த்தார். "டாக்டரா?"

"எஸ் மேடம்."

ஏழைகளுக்கு இலவச வைத்தியம் பார்ப்பேன் என்று வாயில் வந்ததைச் சொன்னேன். இரண்டாம் பரிசு. அப்பா எழுந்து நின்று கைதட்டினார். சித்தப்பா உட்கார்ந்தபடி தட்டினார்.

வீட்டுக்குத் திரும்பி நடக்கும்போது, "நல்லாத்தான் பேசினே," என்றார் சித்தப்பா. கொஞ்ச தூரம் போனபின், "அந்த டாக்டர் பேரு என்னடா?" என்று கேட்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை காகிதத்தோடு வந்தார். "ஸ்கூலுக்கு எழுது. நான் போட்டது டாக்டர் வேசம் இல்லை. சான்றிதழைத் திருத்தித் தரணும்."

"பரிசு போயிருமே, சித்தப்பா."

"போகட்டும்."

"புள்ள ஜெயிச்சதை ஏன்டா கெடுக்குறே?" என்றார் அப்பா. "இது என்ன உன் கடை கவுனா, பிரிச்சுத் தைக்க?"

"ஆமாண்ணே," என்றார் சித்தப்பா.

என் குற்றத்தை என் கையெழுத்திலேயே எழுதினேன். வகுப்பாசிரியர் மூலமாக, அசல் சான்றிதழ் இணைப்புடன், முறைப்படி போனது. பள்ளியும் முறைப்படி மௌனம் காத்தது. இரண்டு நினைவூட்டல்கள் போயின.

கடைசியில் வந்த உறையை நானே கடைக்கு எடுத்துப் போனேன். பரிசு ரத்து. 'பிரெஞ்சு உடை வடிவமைப்பாளர்' வேடத்தில் பங்கேற்றதற்கு ஒரு சான்றிதழ், முதல்வர் கையெழுத்து, முத்திரை. சித்தப்பா கத்திரிக்கோலை வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, என்னைச் சத்தமாக வாசிக்கச் சொன்னார். பக்கத்து மிஷின்காரர்கள் தையலை நிறுத்தியதும் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். பிறகு எல்லாருக்கும் டீ, எனக்கு மட்டும் பரோட்டா.

தோற்றதற்கு விருந்து வைக்கும் ஆளை நான் அதுவரை பார்த்ததில்லை. பரிசு போன கோபத்தில் மூன்று பரோட்டா தின்றேன். அந்த மிஷின்காரர்கள் ஏன் ஒவ்வொருவராக வந்து அவர் கையைக் குலுக்கினார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. அது கோடை விடுமுறைக்குப் பள்ளி மூடுவதற்கு முந்தின புதன்கிழமை.