வாங்காமல் பார்த்தவரையும் விசாரித்த ஜமீலா அக்கா

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் உள்ள என் அலுவலகத்தில் மதியம் சாப்பிட்டுக்கொண்டே கைப்பேசியில் ஜமீலா அக்காவின் நேரலையைத் திறந்தேன். கிள்ளான் கடையிலிருந்து அந்த வேளையில்தான் அவர் சேலைகளைக் காட்டி விற்பார். அன்று திரையில் அவருடைய தம்பி யூசுப் இருந்தார். பின்னால் ஒரு சேலையும் தொங்கவில்லை.

"அக்கா இன்னிக்கிக் காலையில மௌத்தாயிட்டாங்க. வாங்குறவங்க, சும்மா பாக்குறவங்க, எல்லாருக்கும் சொல்லணும்னு தோணிச்சு," என்றார். அக்கா இறந்த செய்தியை அவ்வளவு மட்டும் சொல்லி நேரலையை நிறுத்திவிட்டார்.

உங்களில் பலர் அக்காவைத் திரையில் மட்டுமே அறிந்திருப்பீர்கள். நான் கடைகளுக்குக் கணினியும் இணையமும் அமைத்துக் கொடுப்பவன். கொரோனா கால நடமாட்டக் கட்டுப்பாடு சற்றுத் தளர்ந்திருந்த ஒரு நாளில் யூசுப் என்னைக் கூப்பிட்டார். தீபாவளிக்கென்று இறக்கிய சேலைகள் கட்டுப் பிரிக்காமல் கிடந்தன. வாடிக்கையாளர்கள் வெளியே வரப் பயந்தார்கள். அந்தச் சரக்கு போகாவிட்டால் கடையை மூடுவதைத் தவிர வேறு வழியில்லை.

கைப்பேசி முன் பேச அக்கா கூச்சப்படுவார் என்று நினைத்துப் போனேன். அவருக்குக் கூச்சம் இல்லை, கேள்விகள்தான் இருந்தன.

"தம்பி, நான் பேசுறது அவங்களுக்கு ஒடனே கேக்குதா?"

"கொஞ்சம் பிந்தித்தான் கேக்கும் அக்கா."

என் சொல்லை மட்டும் அவர் நம்பவில்லை. நேரலை ஓடும் இன்னொரு கைப்பேசியைக் கொடுத்து யூசுப்பை மாடிக்கு அனுப்பினார். கீழே நின்று கை தட்டினார். ஓசை மாடியிலிருந்து தாமதித்து வந்தது. அக்காவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "அப்ப நான் கேள்வி கேட்டா வாய மூடிக்கிட்டு நிக்கணும். பதில் வழியில வந்துகிட்டிருக்கும்," என்றார்.

விற்பனை மெல்லத்தான் நடந்தது. பார்த்தவர்களில் 'ரோஜா' என்ற பெயர் ஒன்று தினமும் வரும். எதையும் வாங்காது, ஒரு வார்த்தையும் எழுதாது. இதற்கிடையே வேறொரு கடை அதே மாதிரிச் சேலைகளைக் குறைந்த விலைக்குக் காட்டத் தொடங்கியது.

"அந்தக் கடைக்காரங்கதான் இந்தப் பேருல வேவு பாக்குறாங்க லா. ப்ளாக் பண்ணிருங்க பாஸ்," என்றார் யூசுப். எனக்கும் அப்படித்தான் பட்டது.

அக்கா ஒப்பவில்லை. "யாருன்னே தெரியாம எப்படித் தம்பி வெரட்டுறது? எதுக்கு வராங்கன்னு எனக்குத் தெரியணும்."

மறுநாள் நேரலையின் நடுவே கையிலிருந்த சேலையை மடித்து வைத்தார். "ரோஜா, நீங்க வாங்கணும்னு இல்ல. எதுக்குப் பாக்குறீங்கன்னு மட்டும் சொல்லுங்க," என்று கேட்டுவிட்டுப் பேசாமல் நின்றார். யூசுப் பொறுமையிழந்து அடுத்த சேலையை நீட்டினார். அக்கா வாங்கிக்கொள்ளவில்லை. கடைசியில் எழுத்துகள் வந்தன.

"நான் ரவாங்ல தையல்காரன். பேரு செல்வம். இது என் மக போன். கல்யாணமெல்லாம் நின்னுபோய் கையில வேலை இல்ல. ப்ளவுஸ் தைச்சுத் தருவீங்களான்னு சேலை பாக்குறவங்க உங்ககிட்ட தினம் கேக்குறாங்க. நீங்க பதிலே சொல்லல. அந்த வேலை எனக்குக் கெடைக்குமான்னுதான் பாக்குறேன்."

நேரலை முடிந்ததும் பழைய பதிவுகளைத் திறந்து பார்த்தோம். அக்காவின் கண் சேலையில் இருந்தது. யூசுப் வாங்குவதாக எழுதியவர்களை மட்டும் படித்திருந்தார். இடையிடையே அந்தக் கேள்வி வந்துகொண்டே இருந்திருக்கிறது. வெளியே போக முடியாது, பக்கத்துத் தையல் கடையும் மூடிவிட்டது, சேலையை மட்டும் வாங்கி என்ன செய்வது என்று ஒரு பெண் எழுதியிருந்தார். அக்கா ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தார்.

"கடை நெறைய ஆளு நின்னிருக்காங்க தம்பி. நான் பாக்கல," என்றார்.

உடனே செல்வத்தை அழைத்தார். ஆளைப் பார்க்காமல் எப்படி அளவெடுப்பது என்று கேட்டார். "நல்லாப் பொருந்துற பழைய ப்ளவுஸ் ஒன்ன அனுப்பச் சொல்லுங்க அக்கா, அது போதும்," என்றார் அவர். அதன்பின் சேலைகள் கிள்ளானிலிருந்து முதலில் ரவாங்குக்குப் போயின. அங்கிருந்து தைத்த ரவிக்கையோடு வீடுகளுக்குப் போயின. அந்தத் தீபாவளிக்குள் கட்டுகள் எல்லாம் பிரிந்தன. கடை நிலைத்தது. செல்வத்துக்கும் ஓய்வில்லாமல் வேலை வந்தது.

ஜமீலா அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது இதுதான்: வாங்காமல் போகிறவர் மீது சந்தேகம் வருவதற்கு முன்னால், அவரை அறிந்துகொள்ளும் ஆசை வரவேண்டும். போன வாரம் ஸ்ரீ கெம்பாங்கானில் விளக்குக் கடை வைத்திருக்கும் ஒருவர் இணையத்தில் விற்கவேண்டும் என்று அழைத்தார். பார்த்துவிட்டுப் போகிறவர்கள் ஏன் போகிறார்கள் என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. கணினியை மூடிவிட்டு இருவரும் வாசலில் போய் நின்றோம். ஒரு பெண் வெறுங்கையோடு வெளியே வந்தார். கடைக்காரர் என்னைப் பார்த்தார். பிறகு, தயங்கித் தயங்கி, எதைத் தேடி வந்தார் என்று அந்தப் பெண்ணிடம் அவரே கேட்டார்.