அறிவுச்செல்வியும் அரைக்குழாய்த் தண்ணீரும்

என் மனைவி அறிவுச்செல்விக்கு எந்தக் குழாயைக் கண்டாலும் தட்டிப் பார்க்க வேண்டும். கல்யாணப் பந்தியில் கை கழுவப் போனாலும் தட்டுவாள். பாலிடெக்னிக் முடித்ததிலிருந்து திண்டுக்கல் வட்டாரத்தில் பம்பு மோட்டார்களைச் சோதிப்பதுதான் அவள் பிழைப்பு. குழாயை அறுக்காமல், வெளியே கட்டினாலே உள்ளே ஓடும் தண்ணீரை அளக்கும் மீட்டர் ஒன்று வைத்திருக்கிறாள். அந்தப் பெட்டி ஸ்கூட்டரில் என் மடியில்தான் வரும். ஓட்டுவது அவள். எனக்கும் ஓட்டத் தெரியும் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

போன தையில் அகரத்திலிருந்து நாச்சிமுத்து கூப்பிட்டார். அவருக்கும் தம்பி சோலைமலைக்கும் பொதுக் கிணறு. கிணறு தம்பி நிலத்தில். அங்கிருந்து மண்ணுக்கடியில் வரும் குழாய்தான் அண்ணனின் மல்லிகைக்குப் பாயும். சில மாதங்களாகத் தண்ணீர் குறைந்துவிட்டது. தம்பி நடுவில் திருப்பிக்கொள்கிறான் என்று அண்ணன் பேச்சையே நிறுத்திவிட்டார். மகள் தீபாவுக்கு மாசியில் கல்யாணம். கிணற்றடியில் கிளம்பும் தண்ணீர் அப்படியே தன் வயலுக்கு வருகிறது என்று தெரிந்தால்தான் பத்திரிகையில் சித்தப்பா பெயர். இல்லையென்றால் கிடையாது.

போய் இறங்கினால், வெளியே தெரிந்த குழாய் முழுக்கப் பளபளவென்று பச்சைப் பெயின்ட். அதன்மேல் சந்தனம், குங்குமம். சோதிக்க ஆள் வருகிறது என்று சோலைமலை தை மாதத்தில் ஆயுத பூசை நடத்தியிருக்கிறார். எனக்குச் சிரிப்பு வந்தது. நாச்சிமுத்துவுக்குச் சந்தேகம் வந்தது. எதை மறைக்க அடித்திருக்கிறான் என்று என்னிடம் கேட்டார். அறிவுச்செல்விக்கோ கோபம். மீட்டரின் சென்சார் வெறும் இரும்பில் ஒட்ட வேண்டும், பெயின்ட் மேல் ஒட்டினால் நம்ப முடியாது. வளைவுகளை விட்டுத் தள்ளி, நேரான இடமாகப் பார்த்துப் பொட்டோடு சுரண்டினாள். சோலைமலை கன்னத்தில் போட்டுக்கொண்டார். அடியில் திருட்டு இணைப்பு எதுவும் இல்லை, துருதான் இருந்தது.

கிணற்றடியில் பசை தடவிச் சென்சாரைக் கட்டியதும் எண் வந்தது. வயல் முனையில் மீட்டர் தாறுமாறாகக் குதித்தது, பிறகு ஒன்றுமே காட்டவில்லை. நாச்சிமுத்து துண்டை உதறித் தோளில் போட்டார். சோலைமலையின் முகம் செத்துவிட்டது. 

அறிவுச்செல்வி குழாயைத் தட்டினாள். மேலே ஒரு சத்தம், கீழே ஒரு சத்தம்.

"பள்ளத்துல எறங்குறதுனால பைப்பு பாதிதான் நெறையுது. முழுசா நெறஞ்சு ஓடுனாத்தான் மீட்டரு பேசும். வாயத் தூக்கிப் பிடிங்கண்ணே."

முனையில் மாட்டியிருந்த ரப்பர் ஹோஸை சோலைமலை தூக்கினார். தண்ணீரின் கனம் அவரை வரப்பிலிருந்து சேற்றுக்குள் தள்ளியது. நான் பெட்டியைக் கட்டிப்பிடித்து நின்றேன். அதுதான் என் வேலை. நாச்சிமுத்து கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டி இறங்கி, தம்பியோடு சேர்ந்து ஹோஸைத் தலைக்கு மேலே பிடித்தார். தண்ணீர் இருவர் தலையிலும் கொட்டியது. ஹோஸ் திமிறியது, அண்ணன் வழுக்கினார், தம்பி அவர் இடுப்பைப் பிடித்தார். சிரிப்பு யாரிடம் முதலில் கிளம்பியது என்று தெரியவில்லை. நான் பெட்டியோடு சேர்ந்து குலுங்கினேன்.

எண் வந்து நின்றது. கிணற்றடியில் பார்த்த அதே எண்தான்.

"தண்ணி எங்கயும் போகலண்ணே. கெணத்தடியிலயே கொறச்சலாத்தான் ஏறுது, மோட்டாருதான் தேஞ்சு போச்சு. இனி எறக்கிருங்க" என்றாள் அறிவுச்செல்வி.

இருவரும் இறக்கவில்லை. நாச்சிமுத்து வழியும் தண்ணீரோடு தம்பியைப் பார்த்தார்.

"ஏலே, நாளைக்குப் பத்திரிகை அடிக்கக் குடுக்கப் போறேன். நீயும் வா."

சோலைமலை ஹோஸை இன்னும் உயரத் தூக்கினார்.